எல்பர்ட் மேட்டுச் சாலை

என் அக்கா இமோஜீனின் புருஷன் டெல்மாஸ் ஸ்லோன் பதினாறு வருஷம் எங்கள் ஹார்ட்வெல் மாவட்டத்துக்குத் தலைவராக இருந்தார். கென்டக்கியின் இந்தக் கிழக்கு மலைகளில் மாவட்டத் தலைவரை ‘ஜட்ஜ்’ என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு வழக்கையும் விசாரிப்பதில்லை. சாலை போடுவார், பாலம் கட்டுவார், பனி விழுந்தால் அது உருகச் சாலையில் உப்புத் தூவச் சொல்லுவார், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். ஆனாலும் ஜட்ஜ்தான்.

அவர் கெட்டவர் இல்லை என்று ஆரம்பித்தால் இதைப் படிப்பவர்கள் நம்பமாட்டார்கள். கெட்டவர் என்று ஆரம்பித்தால் நான் பொய் சொன்னவனாவேன். அரசியலுக்கு வருமுன் டயர் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்ட வந்தவன் வீட்டுக் கதையெல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்த ஓடைப் பள்ளத்தில் யாருக்கு மூச்சிரைப்பு, எந்த வீட்டுப் பெண் நர்ஸ் வேலைக்குப் படிக்கிறாள், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் தெரியும். சாப்பிட உட்கார்ந்தால் போன் அடிக்கும். அக்கா பீன்ஸ் சூப்பை மூன்று முறை சூடு பண்ணுவாள். "உங்களுக்கு ஊரைக் கட்டி வெச்சிருக்கணும், என்னை இல்ல" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே வண்டிச் சாவியைத் தேடுவார். யாருக்காவது தான் வேண்டியிருக்கிறது என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

சட்டப்படி மாவட்டத்து ஜல்லி மாவட்டச் சாலையில்தான் விழவேண்டும். தனியார் வழியில் ஒரு கூடை கொட்டினாலும் குற்றம். அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தேர்தல் நெருங்கினால் கொல்லைப் பாதைகளில்கூட ஜல்லி முளைக்கும் என்பதும் தெரியும். அவருக்கு முன்னால் இருந்தவர்களும் இதைத்தான் செய்தார்கள். ஒருமுறை நானே கேட்டேன்.

"அத்தான், இது வம்பு இல்லையா?"

"மாப்ளே, ஓட்டு கேட்டு ஒருத்தன் வீட்டுக்குப் போறேன். என் வண்டியே சேத்துல மாட்டிக்குது. அவன் வீட்டு வாசல்ல நின்னு சட்டம் பேசச் சொல்றியா?"

கடைசித் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் ஒரு இளவயது வக்கீல். சுத்தமான சட்டை, சுத்தமான பேச்சு. முதல் தடவையாக அத்தானுக்கு பயம் வந்தது. அந்தப் பயத்தில்தான் அவர் எல்பர்ட் மேட்டுக்குச் சாலை போட ஆள் அனுப்பினார்.

எல்பர்ட் மல்லின்ஸ் சுரங்கத்தில் வாழ்நாளைத் தொலைத்த மனுஷன். நெஞ்சு முழுக்க நிலக்கரித் தூசி. மூக்கில் குழாயும் காலடியில் ஆக்ஸிஜன் உருளையுமாக, செங்குத்தான ஒரு மேட்டின் உச்சியில் தனியாகக் குடியிருந்தார். அந்தக் கோடையில் அவருக்கு மூச்சு முட்டியபோது ஆம்புலன்ஸ் பாதி மேட்டில் சறுக்கி நின்றுவிட்டது. நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அதில் ஒரு ஆள் அத்தான். ஆக, அந்த மேட்டுக்குச் சாலை வேண்டும் என்று அவர் மனதார நினைத்தது நிஜம். எல்பர்ட்டின் சொந்தக்காரர்கள் அந்த ஓடை நெடுக இருந்தார்கள், அத்தனை பேருக்கும் ஓட்டு இருந்தது என்பதும் நிஜம். எது எவ்வளவு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

வேலைக்குப் போனது இரண்டு பேர். சாலைப் பிரிவின் மேஸ்திரி ஆர்லன் டாகெட் புல்டோசர் ஓட்டினான். லூத்தர் மேஸ் டிப்பர் லாரி ஓட்டினான். லூத்தரின் இரண்டு பெண்களும் நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தில்தான் வருவார்கள். காலையில் அவன் வாசலில் நின்று, "ஹோபர்ட் அண்ணே, நான் ஓட்டுற மாதிரி ஓட்டாதீங்க, பிள்ளைங்க இருக்கு" என்று கத்துவான். எதற்கெடுத்தாலும் கிண்டல். ஊரார் கண்ணில் படக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சர்ச்சுக்குப் போயிருக்கும் நேரத்தில் மேட்டுக்குப் போனார்கள். தேர்தலுக்கு ஒரு வாரம்கூட இல்லை.

அன்று சாயங்காலம் ஊருக்குத் தெரிந்த செய்தி இது: மாவட்டச் சாலையோரம் மழையில் அரித்துப்போன இடத்தை நிரப்பப் போன லூத்தரின் லாரி, ஓரத்து மண் சரிந்து கவிழ்ந்துவிட்டது. ஜட்ஜ் அந்தப் பக்கம் தீயணைப்பு நிலையத்தில் பிரசாரச் சாப்பாட்டில் இருந்தவர், விஷயம் தெரிந்து ஓடி வந்தார். அவர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆள் போய்விட்டான்.

சவப்பெட்டியை அத்தான் முன்னால் பிடித்துத் தூக்கினார். சர்ச்சில் பேசவும் செய்தார். லூத்தரின் மனைவி வில்லா, பேச்சு முடிந்ததும் எழுந்து வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஜட்ஜ், நீங்க பக்கத்துல இருந்தீங்களே. அவரு தனியா சாகல. அது போதும் எனக்கு."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அத்தானின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. துக்கம் என்று நினைத்தேன்.

தேர்தலில் அவர் ஜெயித்தார். நினைத்ததைவிட நன்றாகவே ஜெயித்தார். அன்று வீட்டில் கூட்டம், கேக், கைதட்டல். அவர் மட்டும் சமையலறையில் போய் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். அக்கா என்னைத் தனியாக இழுத்து, "இவருக்கு உடம்புக்கு என்னமோ பண்ணுதுடா, சாப்பாடே இறங்க மாட்டேங்குது, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றாள். நான் கேட்டேன். "வயசாகுது மாப்ளே" என்று முடித்துவிட்டார்.

மேட்டு உச்சியில் இருந்த எல்பர்ட்டுக்கு ஊர்ச் செய்தி தாமதமாகத்தான் போகும். உருளை மாற்ற வந்த நர்ஸ் பேச்சுவாக்கில், "பாவம் லூத்தர், மாவட்டச் சாலையில போயிட்டாரு" என்று சொல்லியிருக்கிறாள். எல்பர்ட், "எந்தச் சாலையில?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். அவள் போனதும் அத்தானுக்குப் போன் போட்டார். "ஒருதரம் வந்துட்டுப் போ டெல்மாஸ்" என்றார். அவர் ஒரு நாளும் ஜட்ஜ் என்று கூப்பிட்டதில்லை.

அங்கே நடந்த பேச்சை எல்பர்ட் பின்னால் கோர்ட்டில் சொன்னார். அத்தானும் அதை மறுக்கவில்லை.

"நான் ஜன்னல்ல உக்காந்திருந்தேன். எல்லாத்தையும் பாத்தேன்" என்றாராம் எல்பர்ட்.

"உங்க கண்ணு அவ்வளவு தூரம் தெரியாது மாமா."

"தெரிஞ்சுது."

"உங்களுக்காகத்தான் அந்தச் சாலையே போட்டேன். உங்க உசுருக்காக."

"நீ சாலை போட்டே, நான் ஓட்டு போட்டேன். நமக்குள்ள அதோட சரியாப் போச்சு. லூத்தருக்கு என்ன செய்யப் போறே? அன்னிக்குக் காலையில அவன் என் அடுப்படியில உக்காந்து காப்பி குடிச்சான். ‘இந்தச் சாலை முடிஞ்சா நீங்க டவுனுக்கு ஓடிப்போய் புதுப் பொண்டாட்டி தேடுவீங்க மாமா’ன்னான். ‘தேடிடலாம், துரத்திப் பிடிக்க மூச்சு வேணுமேடா’ன்னேன். சிரிச்சுக்கிட்டே போனான். நீயே போய் உள்ளதைச் சொல்லிரு. கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கறேன்."

அத்தான் அந்த இடத்தில் ஒன்று சொன்னார். அதுதான் பின்னால் தனிக் குற்றமாக அவர் தலையில் விழுந்தது. "நான் உள்ள போனா, அடுத்து வர்றவன் இந்தச் சாலையைத் தோண்டி எடுத்துருவான். திரும்ப மூச்சு முட்டுச்சுன்னா யாரு தூக்குவா உங்களை? யோசிச்சுப் பாருங்க."

எல்பர்ட் கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்த்தார். பிறகு மாநிலப் போலீஸுக்குப் போன் போட்டார்.

வசந்தத்தில், மலையெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்த ஒரு காலையில், இரண்டு அதிகாரிகள் மாவட்ட அலுவலகத்துக்கு வந்து அத்தானை அழைத்துக்கொண்டு போனார்கள். அதற்கு முன்பே ஆர்லனைப் பிடித்துவிட்டார்கள். ஆர்லன் முதல் நாளே உடைந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவனைச் சிறைக்கு அனுப்பாமல் ஆறு மாதக் கண்காணிப்போடு விட்டார்கள். அவன் சொன்னது இது.

லாரி மாவட்டச் சாலையில் கவிழவே இல்லை. எல்பர்ட் மேட்டில், பின்னோக்கி ஏறி ஜல்லி கொட்டும்போது ஓரம் சரிந்து உருண்டு, கீழே மாவட்டச் சாலைக்குச் சற்று மேலே மரங்களில் முட்டிப் பக்கவாட்டில் கிடந்தது. லூத்தர் உள்ளே நசுங்கியிருந்தான். ஆர்லன் ஓடிப்போய் முதலில் ஜட்ஜைத்தான் கூப்பிட்டான். வேறு யாரையும் கூப்பிட அவனுக்குத் தோன்றவில்லை. இந்த மாவட்டத்தில் எதுவானாலும் முதலில் ஜட்ஜைத்தானே கூப்பிடுவோம். ஜட்ஜ் வந்தார், லாரிப் பக்கம் போய்விட்டுத் திரும்பினார்.

"ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா ஜட்ஜ்?"

"கொஞ்சம் இரு."

"என்ன கொஞ்சம் இரு? உள்ள ஆள் இருக்கான்!"

"ஆள் போயிட்டான் ஆர்லன். நான் தொட்டுப் பாத்துட்டேன். வண்டி இங்க கிடந்தா இது திருட்டு வேலை. நீயும் உள்ள, நானும் உள்ள. வில்லாவுக்கும் நஷ்டஈடு ஒண்ணும் கிடைக்காது. கீழ ரோட்டோரம் கிடந்தா அவன் வேலை பாக்கும்போது செத்தவன். எல்லாருக்கும் அதான் நல்லது."

ஆர்லன் சங்கிலியை மாட்டினான். புல்டோசர் லாரியைக் கீழே மாவட்டச் சாலையோரப் பள்ளம் வரைக்கும் இழுத்தது. லூத்தர் உள்ளே இருக்கும்போதே. பிறகு உரசிய தடத்தின் மேல் ஜல்லியைத் தள்ளி மூடிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்.

இது வெளியே வந்த பிறகு அக்கா கடைக்குப் போவதை விட்டுவிட்டாள். ஒருத்தி முகத்துக்கு நேராகவே, "என்னம்மா, ஜட்ஜ் அம்மா, இன்னிக்கு யாரை இழுத்துப் போட்டாரு உங்க வீட்டுக்காரரு?" என்று கேட்டுவிட்டாள். சர்ச்சில் அவர்கள் உட்காரும் பெஞ்சில் மற்றவர்கள் உட்காரவில்லை. போன் அடிப்பது நின்றுபோனது. ஜாமீனில் வெளியே வந்திருந்த அத்தான் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தான் சாலை போட்டுக் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறி இறங்கினார், கோர்ட்டில் வந்து தன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி. திரைச்சீலை அசையும், கதவு திறக்காது. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். அந்த நாய்க்கு அவரைத் தெரியும், வாலை ஆட்டிக்கொண்டு வந்து காலை நக்கியது. அதை என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

விசாரணை பக்கத்து மாவட்டத்தில் நடந்தது. எங்கள் ஊரில் அவரைத் தெரியாத பன்னிரண்டு ஜூரிகளுக்கு எங்கே போவது? எல்பர்ட்டைச் சக்கர நாற்காலியில் கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் மூச்சுக்கு நின்றார். சாலை, லாரி, சங்கிலி எல்லாவற்றையும் சொல்லி முடித்து, கடைசியில் இதையும் சொன்னார்:

"டெல்மாஸ் குனிஞ்சு பாக்கவே இல்ல. லாரிகிட்டப் போனான், கொஞ்சம் தள்ளியே நின்னுட்டான். இழுக்க ஆரம்பிச்சதும் ஹார்ன் அடிச்சுது. ஒருதரம் இல்ல. விட்டு விட்டு அடிச்சுது."

முன்வரிசையில் இருந்த வில்லா எழுந்தாள். கதவு எங்கே இருக்கிறது என்று தெரியாதவள் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வெளியே போனாள்.

அத்தானின் வக்கீல் வெளியூர்க்காரர். எல்பர்ட்டைப் பிடித்துப் பிய்த்து எடுத்துவிட்டார். கண்ணில் புரை இருக்கா இல்லையா? இருக்கு. காதுக் கருவி உண்டா? உண்டு. அன்னிக்கு மாட்டியிருந்தீங்களா? ஞாபகமில்ல. மூளைக்கு ஆக்ஸிஜன் பத்தலன்னா இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும்னு டாக்டர் உங்ககிட்ட சொல்லலையா? சொன்னாரு. புல்டோசர் சத்தத்துல அந்த உச்சியிலருந்து ஹார்ன் கேட்டுச்சா? எல்பர்ட் பதில் சொல்ல வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. இருமல் நிற்கவே இல்லை. அந்த மனுஷனை நாற்காலியோடு மேட்டிலிருந்து தூக்கி வந்த என் அத்தான், மேசையில் கையை வைத்து நகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

எஞ்சின் சத்தத்தில் தனக்கு எதுவும் கேட்கவில்லை என்றான் ஆர்லன். லூத்தர் சில நிமிஷம் உயிரோடு இருந்திருக்கலாம், உடனே போயிருக்கவும் கூடும், சொல்ல முடியாது என்றார் பிரேதப் பரிசோதனை செய்தவர். அத்தான் கூண்டில் ஏறி, கழுத்தில் கைவைத்துப் பார்த்ததாகவும் நாடி இல்லை என்றும் சத்தியம் செய்து சொன்னார். ஹார்ன் அடிக்கவே இல்லை என்றார்.

தடயத்தை மறைத்தது, சாட்சியை மிரட்டியது, பதவியைத் தவறாகப் பயன்படுத்தியது, மூன்றிலும் குற்றவாளி என்றார்கள் ஜூரிகள். நாலு வருஷம். ஹார்னைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. அது குற்றப்பத்திரிகையிலேயே இல்லை.

தண்டனை அறிவித்த அன்றே பதவியும் போனது. அலுவலகக் கதவின் கண்ணாடியிலிருந்து அவர் பெயரை ஒருத்தர் பிளேடு வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். அக்காவும் நானும் அட்டைப் பெட்டிகளில் அவர் சாமான்களை அள்ளிக்கொண்டு அந்த ஆளைத் தாண்டி வந்தோம்.

அவரைச் சிறைக்குக் கொண்டுபோகுமுன் அக்கா என் முன்னால்தான் கேட்டாள். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஹார்ன் அடிச்சுதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"அடிக்கல இமோ."

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு அவர் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள். இரண்டு மாதத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு லெக்ஸிங்டனில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொன்னாள். "இத்தனை வருஷம் ஓட்டுக்காக ஊரு பூரா பொய் சொன்னாரு. நானும் கூட நின்னு சிரிச்சேன்டா. ஆனா என்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல. முதல் பொய்யே இப்படியா இருக்கணும்?"

சிறை மாநிலத்தின் மேற்குக் கோடியில். மலையே இல்லாத ஊர். மாதம் ஒருமுறை வண்டி ஓட்டிக்கொண்டு போவேன். அவர் எடை குறைந்துகொண்டே வந்தது. ஆரம்பத்தில் ஊர்க் கதை கேட்பார், எந்தப் பாலம் அடித்துக்கொண்டு போனது, புது ஜட்ஜ் உப்பு ஒழுங்காகத் தூவுகிறாரா என்று. அப்புறம் அதையும் நிறுத்திவிட்டார். ஒரு தடவை, மிஷினில் வாங்கிய காப்பி ஆறிக்கொண்டிருந்தது, திடீரென்று ஆரம்பித்தார்.

"இங்க யாரும் என்னை ஒண்ணும் கேக்கறதில்ல மாப்ளே. வேலை வாங்குறான், சோறு போடுறான், விளக்கை அணைக்கிறான். யாராவது கேட்டாத்தானே இல்லைன்னு சொல்லலாம்? கேக்க ஆளில்லாததால நானே கேட்டுக்கறேன்."

"எதை அத்தான்?"

"நான் அவனைத் தொடல. கழுத்துல கை வைக்கல. ரத்தத்தைப் பாத்தேன், அதோட நின்னுட்டேன். போயிட்டான்னு முடிவு பண்ணிட்டேன். போயிருக்கணும்னு எனக்கு வேண்டியிருந்துச்சு."

அவர் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"ஹார்ன் அடிச்சுது ஹோபர்ட். எல்பர்ட் சொன்ன மாதிரியேதான். ஆர்லன் என்னைத் திரும்பிப் பாத்தான். நிறுத்தட்டுமான்னு பாத்தான். நான் இழு இழுன்னு கையை ஆட்டினேன். ஒயரு உரசுது, வேற ஒண்ணுமில்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஒயராவும் இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் இல்ல?"

அவர் என் முகத்தில் பதிலைத் தேடினார். எனக்கு லூத்தரின் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள், என் பேருந்தில் மூன்றாவது வரிசையில் ஒட்டிக்கொண்டு உட்காருவது.

"நீ வில்லாகிட்ட சொல்லிரு" என்றார்.

"நான் சொல்ல மாட்டேன் அத்தான். நீங்க பண்ணினதை நீங்கதான் சொல்லணும்."

வீடு வரைக்கும் ரேடியோ போடாமல் ஓட்டி வந்தேன்.

பாதித் தண்டனையில் பரோல் கிடைத்தது. அதற்குள் எல்பர்ட் போய்விட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்திருந்ததாக அத்தான் சொன்னார். வீட்டை அக்கா விற்றுவிட்டதால் என் கொல்லையில் கிடந்த பழைய ட்ரெய்லர் வீட்டில் குடியேறினார். ஒரு வாரம் வெளியே வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை முகம் மழித்து, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டு வந்து, "வில்லா வீட்டுக்குப் போகணும்" என்றார்.

வில்லா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள், வார விடுமுறையில்தான் வீட்டு வேலை. எங்களைப் பார்த்ததும் கையில் இருந்த போர்வையை உதறி, மெதுவாகக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். சிறையில் என்னிடம் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில் சொன்னார். ‘ஒயராக இருந்திருக்கலாம்’ என்பதைச் சொல்லவில்லை.

வில்லா அழவில்லை.

"தெரியும்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எல்பர்ட் மாமா பொய் சொல்ல மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? அந்தாளு இருமி இருமிச் சொன்னதை நீ சத்தியம் பண்ணிப் பொய்யாக்கினே. அன்னிக்கே தெரியும். என் பொண்ணுங்களுக்குத்தான் தெரியாது. பொட்டுனு உசுரு போச்சு, வலியே இல்லன்னு சொல்லி வளத்துக்கிட்டிருக்கேன். இப்ப எதுக்கு வந்தே? இதை என்கிட்ட இறக்கி வெச்சிட்டு வீசின கையா வீட்டுக்குப் போகலாம்னா?"

"இல்ல வில்லா. நீ என்ன சொன்னாலும் செய்யறேன். போலீஸ்ல சொல்லணும்னா சொல்லு. திரும்ப உள்ள போறேன்."

"உன்னை உள்ள அனுப்பறதும் வெளிய வைக்கிறதும் என் வேலையா? பதினாறு வருஷம் ஊருக்கே பெரியவனா இருந்தியே, இதைக்கூட நான்தான் சொல்லணுமா?" அவள் குரல் அப்போதுதான் நடுங்கியது. "சாவு வீட்டுல உன் கையைப் புடிச்சேன். எத்தனை தடவை கழுவியிருப்பேன் இந்தக் கையை. போயிரு."

வீட்டுக்குள்ளிருந்து சின்னவள், "யாரும்மா?" என்று குரல் கொடுத்தாள். "யாருமில்ல" என்றாள் வில்லா, காலிக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வண்டியில் ஏறியதும் அவர், "டவுனுக்கு விடு" என்றார். மாநிலப் போலீஸ் நிலையத்தில் ஒரு இளைஞன் இருந்தான், அவன் வேலைக்கு வந்தபோது இந்த வழக்கே முடிந்திருந்தது. கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து பொய் சொன்னேன், அதை எழுதிக்கொள் என்று அத்தான் கேட்டார். அவன் எழுதிக்கொண்டான். கையெழுத்து வாங்கினான். "சார், வக்கீல் யாரையாவது பாத்துட்டு வந்திருக்கலாமே" என்று இரக்கப்பட்டான்.

பிறகு காத்திருப்பு. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் ட்ரெய்லரின் ஜன்னலில் அவர் முகம் தெரியும். ஒரு பையில் இரண்டு சட்டையும் பல் துலக்கும் பிரஷும் மடித்துத் தயாராக வைத்திருந்தார். ஒரு மாதம், இரண்டு மாதம், பனிக்காலம் வந்துவிட்டது. நான் போன் போட்டு விசாரித்தேன். அரசு வக்கீல் அலுவலகத்தில் ஒரு பெண், காகிதங்களைப் புரட்டிவிட்டு, இதன் மேல் நடவடிக்கை எடுப்பதாக இல்லை என்றாள். ஆள் ஏற்கெனவே தண்டனை அனுபவித்துவிட்டார், முக்கியச் சாட்சி உயிரோடு இல்லை, இறந்தவர் குடும்பமும் எதுவும் கேட்கவில்லை. கோப்பை மூடியாகிவிட்டது.

அத்தானிடம் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"மூடிட்டாங்களா?"

"மூடிட்டாங்க."

"அப்ப நான் என்ன பண்றது மாப்ளே?"

அவர் என்னைக் கேட்ட மாதிரி இல்லை. பிறகு குனிந்து பையைத் திறந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். இரண்டே சட்டைதான். அதற்கே வெகுநேரம் ஆனது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், தோளில் கை போட்டேன். ஊரில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கிய அந்த உடம்பில் எலும்பு மட்டும்தான் கைக்குத் தட்டுப்பட்டது.

அந்த வாரம் அவரே லெக்ஸிங்டனுக்குப் போன் போட்டு அக்காவிடம் ஹார்ன் அடித்ததைச் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி" என்று போனை வைத்துவிட்டாள்.

இப்போது அவர் ஊருக்கு வெளியே ஒரு டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறார். முதலாளி வேறு மாவட்டத்துக்காரன், பழங்கதை எதையும் கிளறமாட்டான். கடைக்கு வருகிறவர்களின் வீட்டுக் கதையை அவரும் கேட்பதில்லை, டயரை மட்டும் பார்க்கிறார். சில பேர் வண்டியிலிருந்து இறங்கி ஆளை அடையாளம் கண்டுகொண்டதும் மறுபடி ஏறிப் போய்விடுவார்கள். அவர் ஜாக்கியைக் கையில் பிடித்தபடி அந்த வண்டி வளைவு திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அக்கா எப்போதாவது எனக்குப் போன் போடுவாள். என் முதுகுவலி, பேருந்து, மகள் வீட்டுக் குழந்தைகள் என்று எல்லாம் பேசிவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில், "அந்தாளு சாப்பிடுறாரா?" என்று கேட்பாள்.

"கொஞ்சம் சாப்பிடுறாரு" என்பேன்.

"என்ன சாப்பிடுறாரு?"

"சோள ரொட்டியும் மோரும்."

"வயித்துக்கு ஆகாதே அது" என்பாள்.